ஜன்னலில் பூத்த உப்பு

போன தை மாதம் கனடாவில் இருக்கும் தம்பி ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டுப் படுக்கையறை ஜன்னல். கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளையாகப் பூத்து, ஓரங்களில் கோழி இறகை ஒட்டி வைத்தது போலக் கிளை விட்டிருந்தது. உறைபனி. அதுவும் வீட்டுக்கு உட்பக்கம். ‘மைனஸ் 28 அண்ணே, ஜன்னல் கொண்டியே இறுகிப்போச்சு’ என்று கீழே எழுதியிருந்தான். போனை அம்மாவிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர், “அங்கயும் உப்புப் பூத்திருக்கு. கடலுக்குப் பக்கத்துல ஏன்டா வீடு பிடிச்சான்?” என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனி, ஆடியில் எங்கள் தெற்கு ஜன்னலைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தால் அவனும் பனி என்றுதான் நினைத்திருப்பான். அவன் ஜன்னலைப் பனியிலிருந்து காப்பாற்றப் படும் பாட்டைக் கேட்டபிறகுதான், பத்து வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த என் ஜன்னல் வேலையைக் கையில் எடுத்தேன். ஒரு வருடம் ஆகிவிட்டது. பாதி சரியாக வந்தது, கொஞ்சம் சொதப்பியது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

வீடு ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊரில். வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் இந்தப் பக்கம் சொல்வார்கள். வீடு கட்டும்போது இரண்டு பக்கமும் கடல், காற்றுக்குப் பஞ்சமே இல்லை என்று பெருமையாகத்தான் இருந்தது. தெற்கே மூன்று ஜன்னல், வடக்கே இரண்டு. வைகாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் தெற்கு ஜன்னல்களைக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கவனித்துக்கொள்ளும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் வடக்கு ஜன்னல்களை வாடைக்காற்று கவனித்துக்கொள்ளும். நடுவில் மாசி, பங்குனியில்தான் ஜன்னலுக்கு மூச்சு விட நேரம். எனக்கும்.

வேலை தொடங்கும்போது இருந்த நிலவரம் இது. ஐந்துமே அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்கள், உட்பக்கம் இரும்புக் கிரில். தெற்கில் ஒரு ஜன்னலை இரண்டு கையால் இழுத்தாலும் நகராது. அடியில் உருளும் சக்கரம் உப்பும் மணலும் சேர்ந்து கட்டியாகிவிட்டது. கிரிலின் கீழ்க்கம்பி துரு ஊதி, தொட்டால் பொரி பொரியாக உதிர்ந்தது. வடக்கு ஜன்னல்களில் துரு குறைவு, ஆனால் மழை வந்தால் கட்டில் வரைக்கும் தண்ணீர்.

முதலில் உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் நான் முன்பு செய்ததெல்லாம் வீணானது. அலை உடையும்போது தெறிக்கும் பொடித் திவலைகளைக் காற்று தூக்கி வருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. திவலை ஜன்னலில் பட்டுக் காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும். அத்தோடு நின்றால் துடைத்துவிட்டுப் போகலாம். ஆனால் உப்பு சும்மா இருப்பதில்லை. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். எங்கள் ஊர்க் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் கிரில் கம்பி ராத்திரி முழுக்க உப்புத்தண்ணீரில் நனைந்துதான் கிடக்கிறது. விடியற்காலையில் கம்பியைத் தடவினால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். மதியம் அதே கம்பி காய்ந்து சரசரக்கும். தினம் ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் இரும்புக்கு வேறு எதிரியே தேவையில்லை.

துருவைப் பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடையாது என்பது அரசாங்கத்துக்கே தெரியும். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபத்தில் அரிப்புச் சோதனைக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்திவைத்து அவை எப்படிக் கெடுகின்றன என்று பார்ப்பார்கள். நான் அதே சோதனையைச் சொந்தக் காசில் வீட்டிலேயே நடத்திக்கொண்டிருந்தேன்.

இனி தம்பியின் வைத்தியம். அவன் ஊரில் பனி பூப்பதற்குக் காரணம் வெளியிலிருக்கும் குளிர் மட்டும் இல்லையாம். குளிக்கிற வெந்நீர், கொதிக்கிற சோறு, ஆள் விடுகிற மூச்சு என்று வீட்டுக்குள் இருக்கும் ஈரம் கண்ணாடியைத் தொடுகிறது. கண்ணாடி உறைநிலைக்குக் கீழே போயிருந்தால் அந்த ஈரம் அங்கேயே பனியாகப் படிகிறது. அதனால் சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போடுவான், துணியை வீட்டுக்குள் காயப்போட மாட்டான், ஜன்னலின் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை இரட்டை ஒட்டு டேப்பில் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிடுவான். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் தாள் சுருங்கி விறைத்து, கண்ணாடி போலவே ஆகிவிடும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் போர்வை. வீட்டு ஈரமும் குளிர்ந்த கண்ணாடியைத் தொட முடியாது.

கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. உள்ளே ஒரு தாளை ஒட்டிவிட்டால் உப்பும் வராது, மணலும் வராது. ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் மூலம் இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்பினான். வைகாசி முதல் வாரம், மகளின் ஹேர் டிரையரை வாங்கி, நடுவில் ஒருமுறை கரண்ட் போனதையும் பொறுத்துக்கொண்டு, தெற்கு ஜன்னல் ஒன்றில் ஒட்டி முடித்தேன். அச்சு அசல் கண்ணாடி. மகள்கூட ‘பரவால்லப்பா’ என்றாள்.

மூன்றாம் நாள் கச்சான் பிடித்தது. ஸ்லைடிங் ஜன்னலின் இரண்டு கதவுகளுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்து, தாள் வத்தைப் படகின் பாய் மாதிரி வீட்டுக்குள் புடைத்தது. ராத்திரி முழுக்கப் ‘படார், படார்’ என்று ஒரே சத்தம். விடிவதற்குள் டேப் மூன்று பக்கமும் பிய்ந்து தொங்கியது. டேப்பைத் திருப்பிப் பார்த்தேன். பசைப் பக்கம் முழுக்க மாவு தடவியது போல வெள்ளையாக இருந்தது. ஒட்டுவதற்கு முன்னால் சட்டத்தைத் துணியால் துடைத்திருந்தேன், கழுவவில்லை. டேப் ஒட்டியது அலுமினியத்தில் இல்லை, உப்பில். அவன் ஊரில் இரட்டைக் கண்ணாடி, காற்றுப் புகாத சட்டம். அங்கே தாள் செய்யும் வேலையை என் ஓட்டை ஜன்னலில் எதிர்பார்த்தது என் புத்தி. இன்னொரு பாக்கெட் அப்படியே பரணில் கிடக்கிறது.

கிரில் வேலையை அதற்கு முன்பே, மாசிக் கடைசியில் தொடங்கியிருந்தேன். முந்தின வருடம் கிரிலுக்கு ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்து, ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழுந்து உரிந்துவிட்டது. பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாத குறை. இந்த முறை, படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். வந்தவர் பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்துக் கம்பியில் ஒரு இழுப்பு இழுத்து, நாக்கில் வைத்தார்.

“கரிக்குது தம்பி. உப்பு மேலயே அடிச்சிருக்கீக. அப்புறம் எப்படி நிக்கும்?”

“துரு எல்லாம் சுரண்டிட்டுத்தாண்ணே அடிச்சேன்.”

“துரு போச்சு. உப்புப் போச்சா?”

அந்தக் கேள்வியில்தான் முந்தின வருடத்துச் செலவு எல்லாம் போயிருந்தது. பெயிண்ட் நம் கண்ணுக்குத்தான் அடைப்பு. ஈரத்துக்கு அது சல்லடை. அடியில் உப்பு இருந்தால் அது பெயிண்ட் வழியாகவே ஈரத்தை இழுத்துக்கொண்டு தேங்க வைக்கும். அதுதான் கொப்புளம். ஒரு கொப்புளத்தைக் குண்டூசியால் குத்திப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

துருவைக் கம்பி பிரஷ், சின்ன உளி, அப்புறம் உப்புத்தாள் என்று மூன்று சுற்று எடுத்தோம். உப்பை எடுக்க உப்புத்தாளா என்று நான் சொன்ன ஜோக்குக்குப் பெரியவர் சிரிக்கவில்லை. 80-ஆம் நம்பர் தாளில் தேய்த்து, 120-இல் முடித்தோம். துரு போன இடத்தில் இரும்பு அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது. உப்பு ஒளிந்திருப்பது அந்தக் குழிகளில்தான். அங்கே தேய்ப்பது பிரயோசனமில்லை, கழுவத்தான் வேண்டும்.

கழுவ எந்தத் தண்ணீர்? எங்கள் போர்த் தண்ணீரே உவர். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். குடிதண்ணீர் குடம் கணக்கில் வாங்குகிறோம், அதைக் கிரிலுக்கு ஊற்ற வீட்டில் அனுமதி கிடைக்காது. நல்லவேளை, மார்கழி மழையில் மாடித் தண்ணீரை இரண்டு நீல டிரம்மில் பிடித்து மூடி வைத்திருந்தேன். அந்த மழைத்தண்ணீரைத் தோட்டத்துப் பூவாளியில் ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். ஒவ்வொரு கழுவலுக்கும் பெரியவரின் விரல் நாக்குக்குப் போனது. முதல் தடவை, “கரிக்குது.” இரண்டாம் தடவை, “லேசா இருக்கு.” மூன்றாம் தடவை கொஞ்ச நேரம் வாயை அசைபோட்டுவிட்டு, “இப்ப இரும்பு ருசிதான் இருக்கு. துணி எடுங்க” என்றார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், எல்லோரும் இப்படி நக்கிப் பார்க்காதீர்கள். உப்பு அளக்கும் சோதனைப் பட்டைகள் உண்டு. அவருக்கு அவர் நாக்கு.

துடைத்த கம்பியை மறுநாளைக்கு விடக்கூடாது. ராத்திரி ஈரத்தில் விடிவதற்குள் மஞ்சளாகத் துரு ஏறிவிடும். பிரைமர் அன்றைக்கே ஏறியாக வேண்டும். காலையிலும் அடிக்கக்கூடாது, வெயில் சாய்ந்த பிறகும் கூடாது. இரும்பின் சூடு, காற்று பனிக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்டுக்காரர்கள் கணக்கு. இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் அடிக்கிறோம் என்று அர்த்தம். பெரியவர் கணக்கு இன்னும் எளிது: கம்பியைக் கையால் பிடித்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை.

எபாக்சி பிரைமர் வாங்கியிருந்தேன். இரண்டு டப்பா, கலந்து அடிப்பது. ஆர்வக்கோளாறில் அரை லிட்டரையும் ஒரே மூச்சாகக் கலந்துவிட்டேன். பங்குனி வெயில். இரண்டாவது ஜன்னல் முடிவதற்குள் டப்பா சுட ஆரம்பித்தது, பிரஷ் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டது. பிரஷ்ஷோடு டப்பாவும் இப்போது தோட்டத்தில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது. மிச்ச ஜன்னல்களுக்கு டீக்கிளாஸ் அளவில் கலந்து கலந்து அடித்தோம்.

அடிப்பதிலும் பெரியவருக்கு ஒரு வரிசை உண்டு. நான் அகலமாக நடுக்கம்பியில் தொடங்கினேன். கையைப் பிடித்து நிறுத்தினார். “முதல்ல மூலை முடுக்குக்குச் சோறு ஊட்டுங்க. நடுவுல இருக்கிறவன் தானாத் தின்னுக்குவான்.” பற்றவைத்த இடம், கம்பியின் விளிம்பு, சட்டத்துக்குள் நுழையும் முனை ஆகியவற்றுக்கு முதலில் சின்ன பிரஷ்ஷால் தனியாக ஒரு பூச்சு. விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் பின்வாங்கும், அங்கே படலம் மெலிந்துபோகும், துரு தொடங்குவதும் அங்கேதான். அதன் பிறகு முழுக் கிரிலுக்கும் இரண்டு பூச்சு. மேலே பாலியூரித்தேன் பெயிண்ட். எபாக்சியை வெயிலில் அப்படியே விட்டால் சுண்ணாம்பு மாதிரிப் பொடி பொடியாக வரும்.

மூன்று ஜன்னலுக்கு ஐந்து நாள் ஆனது. அதில் பெயிண்ட் அடித்தது ஒன்றரை நாள்தான்.

அடுத்தது திருகாணிகள். அலுமினியச் சட்டத்தில் பழைய இரும்புத் திருகாணி எல்லாம் தலை போய்விட்டிருந்தது. எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அலுமினிய வேலை செய்யும் தம்பி, ஏற்கெனவே அப்படிப் போட்டிருந்த ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டினான். ஸ்டீல் பளபளவென்று இருந்தது, அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரைந்து துளை பெரிதாகியிருந்தது. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவே உப்புத்தண்ணீர் என்றால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். “நைலான் வாசர் போட்டு, துளைக்குள்ள சிலிகான் விட்டு முறுக்கணும்ணே. ரெண்டும் ஒன்ன ஒன்னு தொடக்கூடாது.” அப்படியே செய்தோம். ஸ்டீலில் 316 என்ற ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்திருப்பதால் உப்புக்குத் தாங்கும். 304 போட்டால் ஒரு வருடத்தில் டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை வந்துவிடும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்கு என்பார்கள். இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத வகை, அதை வைத்து இது அது என்று பிரிக்க முடியாது. பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கெல்லாம் அலுத்துக்கொண்டபோது அந்தத் தம்பி, “பாம்பன் புதுப் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பிதாண்ணே போட்டிருக்காங்க” என்றான். உண்மைதான். 2025 ஏப்ரலில் திறந்த பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் முறுக்குக்கம்பி, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு. என் ஜன்னலுக்கு அந்த வசதி இல்லை, வாசர் போதும்.

மழை ஒழுகல் கதைக்கு வருகிறேன். இதில் என் பங்கு அதிகம்.

அதற்கு முந்தின ஐப்பசியில் வடக்கு ஜன்னல் ஒன்றின் அடித்தடத்தில் தண்ணீர் நிரம்பி உள்ளே வழிந்தது. குனிந்து பார்த்தால் தடத்தின் வெளிப்பக்கச் சுவரில் மூன்று சின்னத் துளைகள். ஓஹோ, இது வழியாகத்தான் மழை உள்ளே வருகிறது என்று முடிவு கட்டி, மழை விட்டதும் சிலிகான் துப்பாக்கியை எடுத்து மூன்றையும் அடைத்தேன். மேலே விரலால் அழகாக வழித்தும் விட்டேன். அடுத்த மழையில் கட்டிலில் படுத்திருந்த மகளின் பாடப்புத்தகம் மிதந்தது.

அலுமினியத் தம்பி அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. “அண்ணே, அது தண்ணி வர்ற ஓட்டை இல்ல. தண்ணி போற ஓட்டை.”

ஸ்லைடிங் ஜன்னல் தண்ணீரை முழுக்கத் தடுப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லையாம். கொஞ்சம் தண்ணீர் தடத்துக்குள் வரத்தான் செய்யும். வந்தது அந்தத் துளைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும். என் ஜன்னலில் அந்தத் துளைகள் ஏற்கெனவே மணலும் உப்பும் அடைத்துப் பாதி செத்திருந்தன. மிச்ச உயிரை நான் எடுத்துவிட்டேன்.

அதோடு காற்றின் அழுத்தமும் உண்டு. இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த வேகத்தில் காற்று சுவரில் முட்டினால் சுமார் 155 பாஸ்கல் அழுத்தம். அது 16 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிப் பிடிக்கும். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் 24 மில்லிமீட்டருக்கு மேல். என் தடத்தின் உட்பக்க உதட்டை அளந்தேன்: 20 மில்லிமீட்டர். அதாவது ரயில் நிற்கும் காற்று வரைக்கும் என் ஜன்னல் தாங்கும், அதற்கு மேல் துளை எத்தனை சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

புரட்டாசியில் வேலையை முடித்தோம். நான் அடைத்த சிலிகானை பிளேடால் சுரண்டி எடுக்கவே அரை நாள். பழைய துளைகள் 4 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன ஓட்டையில் தண்ணீர் தன் பிசுக்கிலேயே துளியாக நின்றுவிடும், போகாது. 8 மில்லிமீட்டர் பிட் போட்டு, இரண்டு துளையைச் சேர்த்து நீளவாக்கில் அறுத்தோம். காற்று அதே வழியாக உள்ளே ஊதாமலிருக்க வெளிப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி, கீழ்ப்பக்கம் திறந்தது. உட்பக்க உதட்டின் மேல் அலுமினிய எல் ஆங்கிள் ஒன்றை வைத்து இன்னும் 20 மில்லிமீட்டர் உயர்த்தினோம். மூலைகளில் மட்டும் சிலிகான். இந்தத் தடவை, எங்கே அடைக்க வேண்டும் என்று அவனைக் கேட்டுக்கேட்டு அடித்தேன்.

கடைசியில் மட்டக்குழாய் வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஜன்னலுக்கு அடியில் இருந்த சிமெண்ட் மேடை வீட்டுக்குள் சரிந்திருந்தது. வீடு கட்டிய காலத்திலேயே அப்படித்தான் பூசியிருக்கிறார்கள். கொத்தனாரை வைத்துக் கொத்தி வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, நுனிக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் இழுத்தோம். அந்தப் பள்ளம் இருந்தால் தண்ணீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு போகாமல் சொட்டி விழும்.

இத்தனையும் செய்தாலும் தெற்கு ஜன்னலில் உப்பு வந்து படிவது நிற்கவில்லை. தாள் பிய்ந்த அன்று காலையில் அம்மா, “உங்க அப்பத்தா வீட்டுல கச்சானுக்கு என்ன பண்ணுவோம்? தட்டி கட்டுவோம்” என்றார். பனையோலைத் தட்டி. நான் அதை ஓட்டு வீட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கியிருந்தேன்.

உச்சிப்புளிப் பக்கம் சொல்லி மூன்று தட்டி முடைந்து வாங்கினேன். ஜன்னலை ஒட்டிக் கட்டாமல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, சன்சேடிலிருந்து தொங்கும்படி கட்டச் சொன்னார் அம்மா. ஒட்டிக் கட்டினால் ஓலையில் பட்ட ஈரம் கம்பிக்கு வரும், காற்றும் முடங்கும். ஓலைகளுக்கு நடுவே இடுக்கு இருக்க வேண்டும். காற்று அதற்குள் வளைந்து நெளிந்து வரும்போது கனமான திவலை வளைய முடியாமல் ஓலையிலேயே மோதி நின்றுவிடுகிறது. முழுக்க மூடிய பலகையாக இருந்தால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு திவலையோடு உள்ளே வந்திருக்கும். ஆடி மாதம் ஒரு தட்டியை அவிழ்த்து உதறிப் பார்த்தேன். வெளிப்பக்க ஓலை வெளுத்து விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி. உள்பக்கம் இன்னும் பச்சை வாடை. முன்பெல்லாம் மூன்று நாளைக்கு ஒருமுறை கண்ணாடி துடைத்த மகள், இந்தக் கச்சானில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் துடைத்தாள். அறை கொஞ்சம் இருட்டு. அதற்கு அவளிடம் புகார் உண்டு. தட்டி ஒரு பருவத்துக்குத்தான் வரும், அடுத்த வைகாசிக்குப் புதிது கட்ட வேண்டும். ஒரு டப்பா பெயிண்டைவிட மலிவு.

கண்ணாடி துடைக்க இப்போது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர், உப்புக் கிடையாது, காய்ந்தால் தடம் விழாது. குடிக்கத்தான் ஆகாது. அதே ஏசியால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புழுக்கமான ராத்திரியில் ஏசி அறையின் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கிறது. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் காற்று பனிக்கும். தம்பி வீட்டில் ஈரம் உள்ளேயிருந்து வெளியே பார்த்து முட்டுகிறது, என் வீட்டில் வெளியேயிருந்து உள்ளே பார்த்து. வழியும் அந்தத் தண்ணீர் கண்ணாடியின் உப்பையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு கீழ்ச் சட்டத்தில் இறங்கும். ஏசி 22-இல் இருந்ததை 26-க்கு ஏற்றினேன். வேர்ப்பது அநேகமாக நின்றது. கரண்ட் பில்லும் இறங்கியது, அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

ஐப்பசிக் கடைசியில் நல்ல மழை ஒன்று வாடையோடு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வடக்கு ஜன்னல் தடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே ஏறும், காற்று ஓயும்போது ‘களக்’கென்று துளை வழியாக இறங்கும். மறுபடி ஏறும், இறங்கும். உதட்டைத் தாண்டவில்லை. அம்மாவும் எழுந்து வந்து கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். அவனுக்கு அங்கே சாயங்காலம். ‘இங்க முதல் பனி விழுந்திருச்சு, தாள் ஒட்டிக்கிட்டிருக்கேன்’ என்று பதில் வந்தது.

கிரிலில் ஒரே ஒரு இடத்தில், இரண்டாவது ஜன்னலின் வலது கீழ் மூலையில், அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம் எழுந்திருக்கிறது. நான் கலந்த பிரைமர் இறுகிக்கொண்டிருந்த நேரத்தில் அடித்த இடம் அது. பெரியவரிடம் சொன்னேன். படகெல்லாம் மேலே ஏற்றிக் கிடக்கிறது, தை பிறக்கட்டும், வந்து பார்க்கிறேன் என்றார். குளியலறை வென்டிலேட்டரை இன்னும் யாரும் தொடவில்லை.